முப்பத்தோராவது நோன்பு

எங்கள் பள்ளிவாசல் மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கடைக்கு வந்து கேட்டபோது, வேறு யாரையோ கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் கை கழுவும் குழாய்தான் இருந்தது. நான் பினாங்கில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் தண்ணி கலக்குகிறவன். தே, கோப்பி, ஐஸ் போட்டது, ஐஸ் போடாதது, இதற்கு மேல் எனக்குப் பேச்சு கிடையாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை, பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை, அவ்வளவுதான் படிப்பு. பெரிய பெரிய ஊர்களுக்குப் போய் வந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், அது மட்டும்தான் என்னால் முடியும்.

நான் போனது புதுச்சேரிக்கு. என் ஒரே மகள் ஹசீனா அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் ரியாஸ் பினாங்கில் துணிக்கடை வேலைக்கு வந்தவர். கல்யாணம் ஆன சில மாதத்தில் அவருடைய அத்தா இறந்துபோனார். பெரிய மார்க்கெட் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு லுங்கிக் கடை உண்டு. அதைப் பார்க்க ஆளில்லாமல் அவர் ஊருக்குத் திரும்பினார், ஹசீனாவும் கூடப் போனாள்.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஹசீனாவின் அம்மா இறந்தபோது பிள்ளைக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு வந்த முதல் பெருநாளுக்கு, ஓலைக்கூட்டில் அரிசி போட்டு வேகவைக்கும் கெத்துபட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். தண்ணீர் வற்றி, பானை கரிந்து, வீடெல்லாம் புகை. காலையில் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் மீ, நூடுல்ஸ் மாதிரி, கொஞ்சம் இருந்தது. முட்டை உடைத்து, கறுப்பு கீச்சாப் என்கிற இனிப்புச் சோயா சாஸ் ஊற்றிப் பிரட்டி, ஒரே தட்டில் இருவரும் சாப்பிட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனோம். அடுத்த வருஷம் பானை கரியவில்லை. ஆனாலும் அவள் புதுச் சட்டையோடு வந்து நின்று, “அத்தா, மீ எங்க?” என்று கேட்டாள். அப்படியே அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வேறு வீட்டில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அவளை விமானம் ஏற்றிவிட்ட அன்று எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் இதைத்தான் சொன்னேன்: “முதல் பெருநாளுக்கு நான் வருவேன். அங்கே உனக்கு ஒத்துவந்தால் காலையில் எனக்கு மீ பிரட்டிக் கொடு. ஒத்துவரலைன்னா கொடுக்காதே. ஒரு வார்த்தை பேச வேணாம். உன் துணியை என் பெட்டியில் வச்சிடு, போயிடலாம்.” அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு போனில் எப்போதும் ஒரே பதில்தான், “நல்லா இருக்கேன் அத்தா.” பின்னால் ஒரு பெண்குரல் அதட்டிக்கொண்டே இருக்கும். அந்த அதட்டல் இந்த நோன்பு முழுவதும் என் காதில் இருந்தது.

சென்னையில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பெரிய பெட்டி. உள்ளே நாலு சட்டை, ஹசீனாவுக்கு ஒரு பாஜு அங்கி, கைலியில் சுற்றிய ஒரு கீச்சாப் புட்டி. பாதிக்கு மேல் காலி.

“இவ்ளோ பெரிய பெட்டியில காத்தையா கொண்டாந்தீங்க?” என்றார்.

“திரும்பும்போது சாமான் இருக்கும் சார்.”

“என்ன சாமான்?”

“துணி சார்,” என்றேன். பொய்யில்லை. ஆனால் காது சுட்டது.

கடலோரச் சாலையில் பஸ். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நோன்பு, விமானத்தில் தூக்கமில்லை, காற்று வேறு. உப்பளம் ஒன்றைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கண்டக்டரின் விரல் என் தோளில்.

“அண்ணே, பாண்டிக்குத்தான சீட்டு வாங்குனீங்க?”

“ஆமா.”

“பாண்டி போயி எவ்ளோ நேரம் ஆவுது! கூவிக் கூவி எறக்கிவுட்டேன். கடலூரு வரைக்கும் ஓசியில வரலாம்னு பாக்குறீங்களா?”

பஸ்ஸே சிரித்தது. தவளக்குப்பம் என்ற இடத்தில் என்னையும் பெட்டியையும் இறக்கிவிட்டார்கள். பெட்டி காலியாக இருந்தது அப்போது நல்லதாகப் போயிற்று. நாலு பக்கமும் ஹாரன், பூக்கடை, மீன் கூடையோடு பெண்கள். மகள் வீட்டு வாசலில் நோன்பு திறக்க வேண்டியவன் நடுரோட்டில் நின்றேன். எந்தப் பக்கம் பஸ் என்று கேட்கவும் கூச்சம். ஒரு டீக்கடை ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். கடைக்காரர் என் தொப்பியைப் பார்த்தார்.

“பாய், நோன்பா? ஏன் நிக்கிறீங்க, பெஞ்சுல குந்துங்க. நேரம் ஆனதும் சொல்லுங்க, பஜ்ஜி சூடா எடுக்கறேன்.”

பாங்கு எங்கோ தூரத்தில் கேட்டது. பையிலிருந்த பேரீச்சம்பழத்தில் இரண்டை அவருக்கும் கொடுத்தேன். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டே வாழைக்காய் பஜ்ஜி வைத்தார், டீ ஆற்றினார். நம் கடையில் நாங்கள் இழுக்கிற உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த டீ நன்றாக இருந்தது. நான் போனில் இடம் சொல்லி, ரியாஸ் மோட்டார் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, “மாமா, பயந்துட்டோம், ஹசீனா அழுதுட்டா,” என்றார். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, “என்னா மாமா, இவ்ளோ லேசா இருக்கு?” என்றார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

வீடு சாரம் என்ற பகுதியில், ஒரு சந்துக்குள். மாடியில் அவர்கள் குடும்பம். வீட்டில் மூன்று பேர்தான், ரியாஸ், ஹசீனா, சம்பந்தியம்மா. ஆனால் முப்பது பேர் சத்தம். சம்பந்தியம்மா வாசலிலேயே, “வாங்க வாங்க சம்பந்தி அண்ணே! ரோட்டுலயா நோன்பு தொறந்தீங்க? ஏம்மா ஹசீனா, கஞ்சி எடுத்தா! நிக்கிறியே மரம் மாதிரி!” என்று கூவினார். நான் சலாம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே திரும்பிவிட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

ஹசீனா இளைத்திருந்தாள். கண் இமைகள் வீங்கியிருந்தன. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைப்பதற்காக அவள்தான் தூக்கினாள். தூக்கியதும் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பள்ளிவாசல் கஞ்சி தூக்குவாளியில் இருந்தது. பூண்டும் வெந்தயமும் மணக்கிற அந்தக் கஞ்சி நம் பள்ளிக் கஞ்சியைவிட நீர்க்க இருந்தது. தொட்டுக்கொள்ள வடை. நான் கீச்சாப் புட்டியை எடுத்து ஹசீனாவிடம் கொடுத்தேன். சம்பந்தியம்மா அதை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

“இது என்னா, தலைக்குத் தடவுறதா, இருமலுக்கா?”

ஹசீனா ஏதோ மெதுவாகச் சொன்னாள். “என்னாமோ ஒண்ணு,” என்று அவர் அதை அலமாரியின் மேல் தட்டில், தைல புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மூடியில் சீல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நான் கும்பிடு போடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த சீலைத்தான்.

இரண்டாம் நாள் எனக்கு முப்பதாவது நோன்பு, அவர்களுக்கு இருபத்தொன்பது. எங்கள் ஊரில் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கிவிட்டோம். முப்பதுக்கு மேல் நோன்பு உண்டா? ஆகவே நாளைக்குப் பெருநாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடையிலிருந்து என் கூட்டாளி மலாயில் அனுப்பிய குரல் செய்தியும் அதைத்தான் சொன்னது: “நாளைக்குப் பெருநாள், அண்ணே. நீங்கள் இல்லாமல் தே வாயில் வைக்க முடியவில்லை.” நான் ரியாஸிடம், இன்றைக்கே கெத்துபட் போட்டுவிடலாம் என்றேன். பெண் எடுத்த வீட்டுக்கு எங்கள் ஊர் வழக்கம் ஏதாவது ஒன்றைச் செய்து வைக்க வேண்டும் என்று ஆசை. கை வேலையாக இருந்தால் பயம் தெரியாது என்பதும் உண்டு.

பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். பூ, காய், மீன் மூன்றும் ஒன்றின் வாடையை ஒன்று மறைக்கப் பார்க்கிற இடம். மூட்டை தூக்குகிறவர்கள் “ஓரம் ஓரம்” என்று முதுகில் வந்து முட்டுவார்கள். பூக்கடை வரிசையின் கடைசியில் ஓர் அம்மாள் குருத்தோலை வைத்திருந்தார்.

“எந்தக் கோயிலுக்குய்யா?”

“கோயிலுக்கு இல்லம்மா. சோறு வேகவைக்க.”

“ஓலையிலயா?” அவர் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டார். “ஏ, இங்க வாடி. பாய் ஓலையில சோறாக்கப் போறாராம், ஊட்டுல சட்டி இல்லையாம்!”

ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒரு கீற்றை வாங்கி அங்கேயே ஒரு கூடு பின்னிக் காட்டினேன். பேசச் சொன்னால் முடியாது, பின்னச் சொன்னால் முடியும். அந்த அம்மாள் அதை வாங்கி ஆட்டிப் பார்த்து, “கிலுகிலுப்பை மாதிரி இருக்குது, பேத்திக்கு வச்சுக்கறேன்,” என்று எடுத்துக்கொண்டார்.

வரும் வழியில் ரியாஸ் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று காட்டினார். மஞ்சள் சுவர், நேர் நேராகத் தெரு, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர், மணலுக்குப் பதிலாகக் கருங்கல். நம் ஊர்க் கடற்கரைச் சுவர் ஞாபகம் வந்தது. எங்கோ ரொட்டி சுடுகிற வாசனை. நோன்பு வைத்தவனுக்கு அந்தத் தெரு ஆகாது. ஹசீனாவைப் பற்றி அவரிடம் கேட்க நல்ல சமயம் அதுதான். “ஹசீனா...” என்று ஆரம்பித்தேன். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் “என்னா மாமா?” என்று கேட்டபோது, “ஒண்ணுமில்ல, வெயில் அதிகம்,” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் இருந்தது புழுங்கலரிசி. அது ஓலைக்குள் உதிரி உதிரியாகத்தான் நிற்கும், ஒட்டாது. மறுபடி இறங்கிப் போய்ப் பச்சரிசி வாங்கி வந்தேன். கூடுகளைப் பின்னி, பாதி பாதி அரிசி நிரப்பி அடுக்களைக்குக் கொண்டுபோனேன். எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று சம்பந்தியம்மா கேட்டார்.

“அஞ்சு மணி நேரம்,” என்றேன்.

அவர் முகத்தைச் சாய்த்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் விரல் ஐந்தைக் காட்டினேன்.

“அஞ்சு மணி நேரமா? அல்லாவே! சிலிண்டரு என்னாவுறது?”

கடைசியில் மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்து விறகடுப்பு மூட்டினோம். செங்கலும் அண்டாவும் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியவர். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம், மகன்கள் அங்கே, இவர் இங்கே பென்ஷனில். மதில் வழியாக எட்டிப் பார்த்து, “பொன்ழூர் மிசியே! மலேசியாவா? என் தம்பிக்கும் அங்க போவணும்னு ஆசை, பாரீசுலயே குளிருல குந்திக்கினு இருக்கான்,” என்றார். அரை மணிக்கு ஒரு தரம், “மிசியே, வெந்துதா?” என்று ஒரு குரல் வரும். நோன்பு நாளில் அந்த வெயிலில், கொதிக்கிற அண்டாவுக்கு முன் உட்கார்ந்து நான் நினைத்தது அரிசியைப் பற்றி அல்ல.

கீழே அடுக்களைச் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

“ஹசீனா! வெங்காயத்த இப்பிடியா அரியச் சொன்னேன்? உங்க ஊருல கத்தியே கெடையாதா?”

என் மகளின் பதில் கேட்கவில்லை.

“வாயில என்னா கொழுக்கட்டையா? கேட்டா பேசு!”

அதற்கும் பதில் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை ஒருவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டதே கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைப் பார்த்தால் போதும். அப்படி வளர்ந்த பிள்ளை. இரண்டு தரம் அவள் மாடிக்கு வந்தாள். இரண்டு தரமும் என் பக்கத்தில் குந்தி, நெருப்பைப் பார்த்து, “அத்தா...” என்றாள். இரண்டு தரமும் கீழிருந்து “ஹசீனா!” வந்தது. எழுந்து ஓடினாள். இரண்டாம் தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஓடினாள். விறகுப் புகை என்று நினைக்க நான் முயன்றேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்து ஒரு விஷயத்தைக் கேட்டேன். சம்பந்தியம்மா ரியாஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பெருநாக் காலையில நம்மூட்டுல மொதல்ல சேமியா பாயசந்தான் வாயில படணும். உங்க அத்தா இருந்தப்ப எப்பிடியோ அப்பிடித்தான். வேற எதையும் யாரும் அடுப்புல ஏத்தக் கூடாது, சொல்லிட்டேன்.” அடுக்களை அவருடையது. சட்டம் அவருடையது. சீல் பிரிக்காத புட்டி மேல் தட்டில் இருந்தது. பெட்டியை எடுத்து நாளைக்குத் தயாராகக் கட்டிலுக்கு முன்னால் வைத்தேன்.

சூரியன் இறங்கியதும் எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்தார்கள். பக்கத்து மாடிகளிலும் தலைகள். மேற்கே மேகம். பிள்ளைகள் “அதோ, அதோ” என்று டவர் விளக்கைக் காட்டிக் குட்டு வாங்கினார்கள். பிறை தெரியவில்லை. எங்கும் தெரியவில்லை என்று ரியாஸின் போனுக்குச் செய்தி வந்தது. நாளைக்கு இங்கே முப்பதாவது நோன்பு.

கெத்துபட் வெந்துவிட்டது! கொத்துக் கொத்தாகக் கொடிக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“மிசியே, ஃபேத் நாளைக்கா, உங்க பெருநாளு?” என்று மதிலிலிருந்து குரல்.

“நாளைக்கு இல்லீங்க, நாளான்னிக்கு,” என்றார் ரியாஸ்.

“அப்போ இது?”

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அடுப்பை அணைத்தேன்.

எனக்கு முப்பது முடிந்துவிட்டதே, நான் நாளைக்கு என்ன செய்ய வேண்டும்? ரியாஸ் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கூட்டிப்போனார். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். “எந்த ஊருல இருக்கீங்களோ அந்த ஊரோட சேந்து நோன்பு வையுங்க, அந்த ஊரோட சேந்து பெருநாள் கொண்டாடுங்க,” என்றார். ஆக, எனக்கு முப்பத்தொன்று. ஊரோடு சேர்வது சரி. என் மகள் அந்த ஊரோடு சேர்ந்துவிட்டாளா என்று அவரிடம் கேட்க முடியாதே.

விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எழுப்ப ஆள் வர வேண்டியிருக்கவில்லை, நான் விழித்துத்தான் இருந்தேன். வழக்கமாக அந்த வீட்டில் சஹருக்கு ரசம் சோறு, வாழைப்பழம். ரியாஸ் முன்னதாகவே பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். முகம் கழுவிவிட்டு அடுக்களைப் பக்கம் வந்தேன். வாசனைதான் முதலில் வந்தது. கீச்சாப் சூடான சட்டியில் படும்போது ஒரு வாசனை வரும், லேசாகக் கருகின வெல்லம் போல. நான் கதவுப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். மேல் தட்டைப் பார்த்தேன். புட்டி அங்கே இல்லை. அடுப்புப் பக்கத்தில், மூடி திறந்து இருந்தது.

ஹசீனா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பிரட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் மீ அங்கே ஏது? பாக்கெட் நூடுல்ஸ்தான். ஒரே தட்டில் கொட்டிக் கீழே வைத்தாள்.

“உக்காருங்க அத்தா. நம்ம ஊருல இன்னிக்குப் பெருநாள்.”

உட்கார்ந்தேன். சஹருக்கு வேறு ஒன்றும் இல்லாமல் இதைச் செய்தாளா, அல்லது சொன்னபடி செய்தாளா? கேட்கவும் பயம்.

“நாளைக்கு இந்த வீட்டுல மீ போட முடியாது,” என்றாள். “மாமி விடமாட்டாங்க. நேத்தெல்லாம் எப்படிடா போடுறதுன்னு மண்டைய ஒடைச்சிக்கிட்டு இருந்தேன். பிறை தெரியலன்னதும் எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா?”

“அப்போ ஏம்மா அழுதே?”

அவள் சட்டியைச் சுரண்டினாள். “பெட்டிய தூக்கினேன். காலியா இருந்துச்சு. என்னைக் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணி வந்திருக்கீங்க. வரலைன்னு உங்க முகத்தப் பாத்து எப்படி சொல்றது? அங்க நீங்க ஒத்தை ஆளு.”

எனக்கு வாயில் மீ. விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தேன்.

“மொதல் மூணு மாசம் கஷ்டம்தான் அத்தா. அப்போ வந்திருந்தீங்கன்னா நானே பெட்டியில ஏறி உக்காந்திருப்பேன். இப்போ இல்ல.”

“அந்தம்மா அப்படிக் கத்துறாங்களே.”

ஹசீனா சிரித்தாள். அதே சின்னப் பிள்ளைச் சிரிப்பு. “மாமிக்கு ஒரு காது சுத்தமா கேக்காது. அதான் கத்துறாங்க. நானும் கத்தித்தான் பேசுவேன். ரெண்டு நாளா நீங்க இருக்கீங்களேன்னு வெக்கப்பட்டு மெதுவா பேசுறேன், அவங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. வெங்காயத்துக்கெல்லாம் திட்டு உங்களாலதான். நீங்க சொன்ன சலாமும் அவங்களுக்குக் கேக்கல. மலேசியா சம்பந்திக்கு ரொம்ப கர்வம், வாயே தொறக்கறதில்லன்னு அவங்க மகன்கிட்ட சொல்லிட்டு இருக்காங்க.”

பள்ளிவாசல் மைக்கில், சஹர் முடிய இன்னும் பத்து நிமிஷம் என்றார்கள். சாப்பிட்டுவிட வேண்டுமே தவிர, யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அது நல்லதாகப் போயிற்று. இருவரும் ஒரே தட்டில் வேகவேகமாக அள்ளிச் சாப்பிட்டோம். எதற்காகப் பயந்துகொண்டு கடல் தாண்டி வந்தேனோ அது இல்லை என்று ஆகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன்தான், பட்டேன். ஆனால் அடுத்த வருஷம் என் அடுக்களையில் ஒரு தட்டில் ஒரு கைதான் என்பதும் அந்தக் கவளத்தோடே உள்ளே போயிற்று.

கதவில் சம்பந்தியம்மா நின்றார். “ரெண்டு பேரும் என்னா திருட்டுத் தீனி?”

ஹசீனா திரும்பி, என் மகளிடமிருந்து நான் இதுவரை கேட்காத ஒரு குரலில், சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: “மாமீ! எங்க ஊருல இன்னிக்குப் பெருநாளு! எங்கூட்டுப் பலகாரம் இது!”

“அதுக்கு எனக்குத் தட்டு கெடையாதா? அண்ணனுக்கு மட்டும்தானா?”

“நீங்கதான் அடுப்புல ஏத்தக் கூடாதுன்னீங்க!”

“அது நாளைக்கு! இன்னிக்கு ஏத்தக் கூடாதுன்னு எவ சொன்னா?” அவர் குந்தி, சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டார். “கருப்பா இருக்கே, கருக்கிட்டியா?”

“கருக்கல! அந்த புட்டியில இருக்கறது இதான்!”

“நான் நேத்து ராத்திரி முட்டியில தேச்சேன்,” என்றார் சம்பந்தியம்மா. “அப்பவே நெனச்சேன், பிசுக்குன்னு ஒட்டுதேன்னு.”

சீல் எப்போது பிரிந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஹசீனா சுவரில் சாய்ந்து சிரித்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுந்து நின்று, என்னால் முடிந்த சத்தத்தில், “அஸ்ஸலாமு அலைக்கும், சம்பந்தியம்மா!” என்றேன். கடையில் இருபது மேசைக்குக் கேட்கிற மாதிரி ஆர்டர் திருப்பிச் சொல்லும் குரல் அது. வேறு எங்கேயும் நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

“வ அலைக்கும் ஸலாம்!” என்றார் அவர். “அப்பிடிப் பேசுங்க! எதுக்கு அண்ணே வாய்க்குள்ளேயே பேசுறீங்க?” பிறகு ஹசீனாவைப் பார்த்து, “வருஷா வருஷம் கடைசி நோன்பு சஹருக்கு இத வச்சுடு. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி,” என்றார். பாங்கு சொன்னார்கள். மூவரும் வாயைக் கொப்பளித்தோம்.

அன்று சாயங்காலம் பிறை நன்றாகவே தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் முதலில் பார்த்தார்.

மறுநாள் புதுச்சேரியில் பெருநாள். தொழுதுவிட்டு வந்து சேமியா பாயசம் குடித்தோம். கெத்துபட்டில் பாதி புளித்துப் போயிருந்தது, மீதியை மத்தியானம் கறியோடு தீர்த்தார்கள். சம்பந்தியம்மா என் பெட்டியில் மல்லித்தூள், மிளகாய்த்தூள், சேமியா, ஆறு லுங்கி வைத்தார். மூடுவதற்கு ரியாஸ் அதன் மேல் ஏறி உட்கார வேண்டியிருந்தது.